கலைஞனுக்கு ஒரு காணி

இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டித் தேவதானம் என்னும் ஊர் இருக்கின்றது. ஊரின் பெயரை நாள்தோறும் சொல்லுகின்ற நாம் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. தேவதானம் என்பது கோயிலுக்கு அளிக்கப்பெற்ற நிலத்தைக் குறிக்கும் சொல். அத்தகைய நிலங்களின் விளைவு பூசைக்கு மட்டுமன்றி, கோயிற்பணி செய்தோர் பலருடைய வாழ்வுக்கும் பயன்பட்டது. தச்சனுக்கென விடப்பட்ட நிலத்தைத் 'தச்சக்காணி' என்றே பழைய ஆவணங்கள் வழங்கும். தஞ்சைப் பெரிய கோயிலிலோ, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு தச்சனின் பெயரே கல்லில் நிலைபெற்றுவிட்டது.

கைத்திறன் செழிக்க வேண்டுமானால் மூன்று வேண்டும். கவலையின்றி உண்ணச் சோறு வேண்டும். கருவிகளோடு கூடிய பட்டறை வேண்டும். உடனிருந்து பார்த்துப் பேசித் திருத்தும் தோழமையும் வேண்டும். இம்மூன்றையும் அன்று கோயில் அளித்தது.

மூன்றாவதாகச் சொன்ன தோழமையின் பயனை ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்திலே காணலாம். மரச்சக்கரத்தைத் தச்சன் செய்தான். அதற்குரிய இரும்புப் பட்டையைக் கொல்லன் சற்றே சிறிய வளையமாக அமைத்தான். வளையத்தை நெருப்பிலிட்டால் அது விரியும். விரிந்த நிலையில் அதனைச் சக்கரத்தின் மேல் பொருத்தித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். மரத்தின் இயல்பைக் கொல்லனும், இரும்பின் இயல்பைத் தச்சனும் அறியாவிடில் இது நடைபெறுமா? சீவில்லிபுத்தூர்த் தேரைப் போன்ற பெருந்தேர்களில் மரச்சிற்பத்தின் அழகைக் கண்டு வியக்கின்ற நாம், அம்மரத்தைத் தாங்குகின்ற இரும்பையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

காலம் மாறிற்று. கோயில்களையும் அரசர்களையும் சார்ந்திருந்த ஆதரவு குன்றியது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையிலே ஒரு கலைத்தொழிற் பள்ளியை நிறுவினார். அது பின்னர் அரசினர் கல்லூரியாக வளர்ந்தது. பயிற்சிக்கு வழி பிறந்தது. ஆனால், பயிற்சி முடிந்த பின் கலைஞன் எங்கே செல்வான்? உளியையும் தூரிகையையும் வைத்துவிட்டு வேறு வேலை தேடிச் செல்வதே பலருக்கு விதியாயிற்று.

இந்த இடர்ப்பாட்டிற்கு விடை தேடியவர் அக்கல்லூரியில் 1957 முதல் 1967 வரை முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர். அவரும் இளங்கலைஞர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அவ்வருவாயைக் கொண்டு கடற்கரையோரம் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. அரசன் காணி வழங்கக் காத்திராமல், கலைஞர்கள் தம் கையுழைப்பால் தமக்கே ஒரு காணி தேடிக்கொண்டார்கள். கைவினை சோறு தந்தது. அச்சோறு கலையைக் காத்தது.

அங்கே ஓவியருக்கு அருகிலேயே உலோகச் சிற்பியும் வாழ்ந்தார். பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து உருவங்கள் சமைத்தார். கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் அவ்வேலைப்பாடு, பழமையினின்று முளைத்த புதுமை எனலாம். பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பங்கள் படைத்தார். அவ்விருவரும் இன்று நம்மிடையே இல்லை, கிராமம் இருக்கின்றது.

இப்பொழுது உலகின் பல நாடுகளில் கலைஞரைச் சில திங்கள் விருந்தினராகத் தங்கவைத்து, பொதுப் பட்டறையில் தொழில் செய்ய இடம் தரும் வழக்கம் பரவியிருக்கின்றது. உலை, பட்டடைக்கல், கடைசல் இயந்திரம், பற்றவைக்கும் கருவி ஆகியவற்றைத் தனியொருவர் வாங்குதல் அரிது. பலர் கூடிப் பயன்படுத்துதல் எளிது. தவறிப்போன வேலைக்குக் கூலி போயிற்றே என்று அஞ்சாமல், மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதற்கு ஓய்வு கிடைப்பதும் பெரும்பேறு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சோழமண்டலத்தை அமைத்தவர்கள் கல்லூரியிற் பயின்ற கலைஞர்கள். தந்தையிடம் தொழில் கற்ற சிற்றூர்த் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அத்தகைய வாயில் எளிதிற் திறப்பதில்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் தோன்றிய சிற்பக் கல்லூரி மரம், உலோகம், கல், சுதை ஆகியவற்றை ஒரே வளாகத்திற் கற்பிக்கின்றது. அங்கே கற்பவருக்கும் கற்றபின் ஓர் இடம் வேண்டுமன்றோ? பட்டறை வாய்க்காத கைத்திறன், அவன் தலைமுறையோடே முடிந்துபோகும்.

மாணவ நண்பர்களே, தொழிலாளி வேறு, கலைஞன் வேறு என்னும் எண்ணத்தை முதலில் நீங்கள் அகற்ற வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, ஓர் இணைப்பு எவ்வாறு பொருந்துகின்றது என்று கேட்டுப் பாருங்கள். நாளை நீங்கள் ஊராட்சியிலோ அலுவலகத்திலோ பொறுப்பேற்கும்போது, ஒரு கூரை, ஓர் உலை, சில திங்களுக்கான உணவு ஆகியவற்றைக் கைத்திறனாளருக்கு ஒதுக்க நினைவு கொள்ளுங்கள். தேவதானம் என்னும் பழஞ்சொல்லுக்கு அதுவே புதுப்பொருளாக அமையும்.