வரைந்த கையே செதுக்கியது

கவிஞர்கள் கூடும் அவையில் மரக்கட்டைக்கும் உளிக்கும் என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். ஜப்பானில் தற்கால மரவெட்டு ஓவியத்தின் முதல் அடி ஒரு கவிதை இதழில்தான் எடுத்து வைக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு 'ம்யோஜோ' என்னும் இதழில், யமமோட்டோ கனாயே என்ற இளைஞர் செய்த 'மீனவர்' என்னும் அச்சோவியம் வெளிவந்தது. 'விடிவெள்ளி' என்பது அவ்விதழ்ப் பெயரின் பொருள்.

அப்படத்தின் புதுமையை உணரப் பழைய முறையை அறிதல் வேண்டும். ஹொகுசாய், ஹிரோஷிகே போன்ற பேரோவியர்களின் மரவெட்டுப் படங்கள் ஒருவர் கைவேலை அல்ல. ஓவியர் வரைவார், செதுக்குநர் அதனைக் கட்டையில் வெட்டுவார், அச்சிடுநர் வண்ணம் தடவித் தாளில் ஒற்றியெடுப்பார், பதிப்பாளர் முதல் போட்டு விற்பார். தலைமயிரின் இழையைக்கூடக் கட்டையில் நிறுத்திய அக்கைத்திறனை உலகமே போற்றியது. ஆயினும் வரைந்தவர் உளியைத் தொட்டதில்லை. செதுக்கியவர் தம் எண்ணத்தை அதில் ஏற்றியதில்லை. யமமோட்டோவோ தாமே வரைந்தார், தாமே செதுக்கினார், தாமே அச்சிட்டார். இவ்வழிக்குச் 'சோசாகு ஹங்கா', அதாவது படைப்பு அச்சோவியம் என்னும் பெயர் நிலைத்தது.

அவ்வழியைத் தம் வாழ்வாகவே கொண்டவர் ஓஞ்சி கோஷிரோ (1891–1955). அவர் ஓவியர், நூல் வடிவமைப்பாளர், கவிதையும் எழுதியவர். 1914இல் தனாகா க்யோகிச்சி, ஃபுஜிமோரி ஷிசுவோ என்னும் நண்பர் இருவருடன் சேர்ந்து மரவெட்டும் கவிதையும் கலந்த 'ட்சுகுஹாயே' என்னும் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே ஏழாம் இதழோடு அது நின்றது. க்யோகிச்சியைக் காசநோய் பற்றியிருந்தது. உளியை அழுத்தும் வலுவும் அவர் கையைவிட்டுப் போயிற்று. அந்நிலையிலும், கவிஞர் ஹகிவாரா சகுதாரோவின் முதல் தொகுதிக்கென, மருந்து மடித்து வந்த தாளில் சிவப்பு மையால் படங்கள் வரைந்தார். 1915இல், 23 வயதில், அவர் மறைந்தார். 'நிலவை நோக்கிக் குரைத்தல்' என்று பொருள்படும் அத்தொகுதி 1917இல் வெளிவந்தபோது, மறைந்த நண்பரின் படங்களோடு தம் படங்களையும் சேர்த்து அந்நூலை நிறைவு செய்தவர் ஓஞ்சி. நட்பின் கடன் ஒரு நூலாக நின்றது.

1942இல் ஹகிவாராவும் மறைந்தார். அடுத்த ஆண்டு ஓஞ்சி அக்கவிஞரின் முகத்தைக் கட்டையில் செதுக்கினார். சுருக்கங்கள் ஓடிய நெற்றி, குழிந்த கன்னம், நெடுந்தொலைவை நோக்கும் கண்கள். தேர்ந்த செதுக்குநர் ஒருவர் இதனினும் நுட்பமாக வெட்டியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தோடு கால் நூற்றாண்டுக்கு மேல் பழகிய கைக்கு, எந்தச் சுருக்கத்தை விடவேண்டும், எதனை ஆழ வெட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அத்தெரிவைப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது. படைப்பு அச்சோவியர் கேட்ட உரிமை இதுவே.

இக்கலை வீட்டிலேயே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பானிய முறைக்கு அச்சுப்பொறி வேண்டியதில்லை. கட்டையின் மேட்டில் வண்ணம் தடவி, தாளை வைத்து, மூங்கில் மடல் போர்த்திய 'பாரென்' என்னும் வட்டமான தேய்ப்பானால் தேய்த்தால் போதும். ஓர் அறை, ஒரு பலகை, சில உளிகள்: இவையே பட்டறை. ஓஞ்சி கட்டையோடும் நிற்கவில்லை. அட்டை, கயிறு, இலை, துணி முதலியவற்றிலும் வண்ணம் பூசி ஒற்றிப் பார்த்தார். ஒரு படத்திற்குச் சில பிரதிகளே எடுத்தார். விற்பனையை எண்ணி அவர் அச்சிடவில்லை.

நம்மிடையே முயல விரும்புவோர் ஒரு லினோலியத் துண்டும் கரண்டியின் முதுகும் கொண்டே தொடங்கலாம். உளியை எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே தள்ள வேண்டும். மற்றைக் கை அதன் முன்னே இருத்தலாகாது. எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். வெட்டியது வெண்மையாகும், விட்டது கருமையாகும். தவறி வெட்டிய கோட்டை மீட்க இயலாது. ஒரு சொல்லைத் தலைகீழாகச் செதுக்கி முடிக்கும்போது, அச்சொல் அக்கவிதைக்கு வேண்டுமா என்று எண்ணுவதற்கு நிறையவே நேரம் கிடைக்கும்.

1939 முதல் ஒவ்வொரு திங்களின் முதல் வியாழனன்றும் ஓஞ்சியின் டோக்கியோ இல்லத்தில் அச்சோவியர் கூடினர். 'இச்சிமோகு காய்', முதல் வியாழன் கழகம் என்பது அதன் பெயர். போர் மூண்டது, தாளும் வண்ணமும் அரிதாயின. அந்நிலையிலும் 1944இல் உறுப்பினர் தத்தம் கையால் அச்சிட்ட படங்களைத் தொகுத்து ஒரு தொகுதி கொணர்ந்தனர். 1945இல் தொகுதி இல்லை. 1946இல் மீண்டும் வந்தது. 1950க்குள் ஆறு தொகுதிகள் வெளிவந்தன. போருக்குப் பின் ஜப்பானிய அச்சோவியம் உலக அரங்கில் பெற்ற பெயருக்கு அந்த இல்லமும் ஒரு காரணம்.

பத்தாண்டு நிறைவில் ஒரு வட்டம் தன் மலரைக் கையிலேந்தி நிற்கும் இந்நாளில் நினைக்கத்தக்கது அந்த ஆறு தொகுதிகள்தாம். படைப்பைத் தனியே அமர்ந்துதான் செய்யவேண்டும். ஆனால் அது நிலைக்க, மாதந்தோறும் கதவைத் திறந்து வைக்கும் ஒரு வீடு வேண்டும்.