கமரா பழகிய கதை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



புகைப்படக் கலை பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, நான் அதில் அரிச்சுவடியையே தாண்டாதவன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அந்த அரிச்சுவடியைத்தான் பேசு தம்பி, எங்களுக்கு அதுவும் தெரியாது" என்று அவர் என் வாயை அடைத்துவிட்டார். ஆகையால் குற்றங் குறைகளைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் கண்ட முதல் கமரா ஒரு பால்மாத் தகரம். நான் படித்த மிஷன் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர், தகரத்தின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, வாய்ப்புறத்தில் எண்ணெய்த் தாளை ஒட்டி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். தேவாலயத்துக் கோபுரம் தாளிலே தலைகீழாகத் தொங்கியது. ஒளி நேர்கோட்டிற் செல்வதால், மேலிருந்து வருவது துளை வழியாகக் கீழே விழுகிறது. கீழிருப்பது மேலே ஏறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை ஆராய்ந்து எழுதியவர் இப்னு அல்ஹைதம் என்னும் அரபு அறிஞர். இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிக் கமராவும் அந்தத் தகரத்தின் பேரப்பிள்ளைதான்.

பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், பழைய கமரா ஒன்றை வாங்கினேன். அதிலே பழக வேண்டியவை மூன்று. ஒளி நுழையும் துவாரத்தின் அளவு ஒன்று. அது திறந்திருக்கும் நேரம் இன்னொன்று. ஒளியை ஏற்கும் உணர்திறன் மற்றொன்று, இதனை ஐ.எஸ்.ஓ. என்று எண்ணாற் குறிப்பர். 1/60 விநாடியை 1/30 ஆக்கினால் இருமடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் ஓடும் பிள்ளை கலங்கிப் போவான். துவாரத்தைப் பெரிதாக்கினால் முகம் தெளியும், பின்னால் உள்ளவை மங்கும். உணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெறலாம். இதற்கு மேல் இதனைப் புத்தகத்திற் படிப்பதைக் காட்டிலும் பத்து நாள் படம்பிடித்துக் கெடுப்பது மேல்.

நான் கெடுத்த கதையைச் சொல்கிறேன். எங்கள் ஹுன்னஸ்கிரியவில் பனிமூட்டத்துக்குக் குறைவில்லை. மஹியங்கனை றோட்டிலிருந்து லூலுவத்தைக்கும் மீமுரேக்கும் போகும் பாதை பிரிகிற சந்தியில், ஒரு விடியற்காலை வெண்பனியைப் படம் பிடித்தேன். வீட்டில் வந்து பார்த்தால் பனி சாம்பலாக இருக்கிறது. அன்று பின்னேரம் எங்கள் லயத்துக் குசினியில் அப்பாயியைப் பிடித்தேன். விறகுப் புகையிற் கறுத்த சுவர், கறுத்த கூரை; படத்திலோ சுவர் சாம்பல், அப்பாயியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடக்கிறது. கமரா பழுது என்றே எண்ணினேன்.

பழுது என்னிடந்தான் இருந்தது. கமராவிலுள்ள ஒளிமானி, தன் முன் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. பனி என்றும் கரி என்றும் அதற்குத் தெரியாது. வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைத்துவிடும். கறுப்பைக் கண்டால் கூட்டிவிடும். ஆகவே பனியைப் பிடிக்கும்போது நாமே ஒரு படி கூட்ட வேண்டும், கரிச்சுவரின் முன்னால் ஒரு படி குறைக்க வேண்டும். இதனை அறிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் சென்றது. உங்களுக்கு மூன்று நிமிடத்திற் சொல்லிவிட்டேன்!

இனி, படத்தை அமைப்பது பற்றி. சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அக்கோடுகளில் வை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓவியம் பற்றி ஜோன் தோமஸ் சிமித் என்ற ஆங்கிலேயர் 1797இல் எழுதிவைத்த விதி அது. தொடக்கத்திற்கு நல்ல ஊன்றுகோல்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பாடம் ஒன்றைக் கற்பித்தது எங்கள் தேயிலைச் சரிவு.

உல்லாசப் பிரயாணிகளின் வான்கள் தேயிலை மலைப் பக்கம் வந்தால் வளைவிலே நிற்கும். அவர்கள் றோட்டில் நின்றபடியே கீழே கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிப்பார்கள். மேலிருந்து பிடிப்பதால் பச்சை விரிப்பில் ஒட்டிய நிறப்பொட்டுகளாகவே அப்பெண்கள் விழுவார்கள். நானும் முதலில் றோட்டில் நின்றேதான் பிடித்தேன், வெட்கத்துடன் சொல்கிறேன். பிறகொருநாள் நிரைக்குள் இறங்கி, அவர்களுக்குக் கீழ்ப்புறமாகப் போய் நின்றேன். அதே பெண், அதே படங்கு, அதே கொழுந்துப் பை. ஆனால் இப்போது அவர் தலை வானத்தில் இருந்தது. முகத்தில் வேர்வை தெரிந்தது. நான் மாற்றியது கமராவில் ஒன்றுமில்லை. என் கால்கள் நின்ற இடத்தை மாத்திரமே.

இந்த இடத்தில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கமரன் என்பவர் 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவாற் படம்பிடிக்கப் பழகியவர். (என்னைப் போன்ற தொடக்கக்காரருக்கு அந்த வயது ஓர் ஆறுதல்.) உலகின் தலைசிறந்த முகப்படங்களுள் அவருடையவையும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்தவை ஹேர்ஷல், டார்வின், டெனிசன் என்று பெயருடன் நிற்கின்றன. இங்கே எடுத்தவற்றில் இருப்போருள் தோட்டத் தொழிலாளரான நம் தமிழ் மக்களும் உண்டு. அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. "களுத்துறைக் குடியானவர் கூட்டம்" என்றாற் போலத்தான் தலைப்புகள். 1870களில் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்கோவன் போன்றோர் எடுத்த படங்களிலும் நம்மவர் பெரும்பாலும் ஓர் இனத்தின் மாதிரியாகவே நின்றார்கள். அம்மையாரின் திறமையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒளியைப் பார்த்துத்தான் நான் பழகுகிறேன். ஆனாலும் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்காமல் அப்படத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இதனை எனக்கு உணர்த்தியது என் அப்பாயிதான். எங்கள் வீட்டில் பழைய படம் ஒன்றேயொன்று இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானமாயிற்றல்லவா? அந்த வழியிலே அப்பாயியின் அண்ணன் குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிப் பக்கம் போய்க் குடியேறியது. போகுமுன் கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன படம் அது. அண்ணன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, நேரே பார்க்கிறார்.

நான் அப்பாயியை அடுப்படியில், ஒரு பக்க வெளிச்சத்தில், அவர் அறியாமலே பிடிக்கத் திட்டம் போட்டிருந்தேன். கலை என்றால் அப்படித்தான் என்பது என் எண்ணம். அவர் கண்டுகொண்டார்.

"இந்தக் கோலத்துலயா ராசா என்னையப் புடிக்கிற? பொறு, சேலை மாத்திக்கிட்டு வாறேன்."

சேலை மாற்றி, திருநீறு பூசி, கதிரையை வாசலுக்கு எடுக்கச் சொல்லி, நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்தார். இப்படி விறைப்பாக இருந்தால் படம் நன்றாயிராது அப்பாயி என்று நான் வாதாடினேன்.

"அண்ணன் எப்புடி இருக்காரோ அப்புடித்தான் நானும் இருக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்கல்ல?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். ஐம்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் அமைத்து வைத்திருந்த படத்துக்கு முன்னால் என் மூன்றிலொரு விதி எம்மட்டு? பின்னேரம் நான்கு மணி, வாசல் வெளிச்சம், பின்னாலிருந்த கறுத்த கதவுக்காக ஒரு படி குறைத்தேன், 1/60 விநாடி. நடுவிலே, நேராக, அவர் சொன்னபடியே பிடித்தேன். கண்டியில் அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி, நீலகிரியிலுள்ள அண்ணன் பிள்ளைகளுக்கு அனுப்பினோம். இரண்டு படங்களும் இப்போது அங்கே ஒரே சுவரில் இருக்கின்றன என்று கடிதம் வந்தது.

சகோதரர்களே, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். கமராவையும் விளக்கையும் நான் கொண்டு வருகிறேன். பிரதி எடுத்தவுடன் மூலத்தைக் கையோடு திருப்பித் தருவேன். வருமுன் வீட்டுப் பெரியவர்களிடம், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு ஒரு தாளில் எழுதி வர மறவாதீர்கள்.