பார்க்கிங் சுவரை இடிக்கும் முன்

(நமது குடியிருப்போர் கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றபோது, செம்மேட்டில் தங்கிய இரவு ஆற்றிய உரை)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏறிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கும் நேரத்தில் பேச்சா என்று கேட்காதீர்கள். செயலாளர் சார் "பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்றார். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நிலவியல் நிபுணன் அல்ல. ஆனாலும் இன்று நிலநடுக்கம் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

2001 செப்டம்பர் 25. அன்று இரவு சென்னையில் என் தங்கை வீட்டில், மூன்றாவது மாடியில், சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணி இருக்கும். சாம்பார் கிண்ணம் தட்டில் மோதிச் சத்தம் போட்டது. எனக்குத் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஃபேன் ஊஞ்சல் மாதிரி ஆடியது. தங்கை "அண்ணா, ஓடு!" என்று கத்தினாள். படிக்கட்டில் ஒரே நெரிசல். ஒரு பாட்டியம்மாவைத் தள்ளிவிட்டு இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று வரை அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்றிரவு அந்தத் தெருவே வெளியில்தான் நின்றது.

புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கு அடியில் வந்த 5.5 அளவு நடுக்கம் அது. நிபுணர்கள் இதை 'மிதமானது' என்பார்கள். மூன்றாவது மாடியில் நின்றவனுக்கு அது மிதமாகத் தெரியாது.

நம் ஊருக்கு வருவோம். 2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை காலை சேலம், தருமபுரிப் பக்கம் நிலம் அதிர்ந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அளவு 3.3. 3.3-க்கும் 5.5-க்கும் சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். இது சாதாரண வட்டிக் கணக்கு அல்ல, கூட்டு வட்டியைப் போலப் பெருகுவது. ஒரு எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு. அப்படிப் பார்த்தால் புதுச்சேரி நடுக்கத்தின் சக்தி நம் சேலம் அதிர்வைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்கு.

"நம்மது கெட்டிப் பாறை, ஒன்றும் ஆகாது" என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மலையின் சார்னோக்கைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது என்கிறார்கள். கெட்டிதான். ஆனால் பழைய பாறையிலும் பழைய வெட்டுகள் உண்டு. சேலத்திலிருந்து ஆத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு பிளவுப் பகுதி ஓடுகிறது. 1900 பிப்ரவரி 8 அதிகாலை கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது சுமார் 6 அளவு. மராட்டியத்தின் கில்லாரியும் கெட்டிப் பாறை பூமிதான். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன் அங்கே வந்தது 6.2. சுமார் 10,000 பேர் போய்விட்டார்கள். கனமான கல் சுவர், அதன் மேல் கனமான மண் கூரை, உள்ளே தூங்கியவர்கள். கொல்லிமலையில் மூங்கிலும் மண்ணும் புல்லும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூரை விழுந்தால் ஆள் எழுந்து வர வாய்ப்பு உண்டு. நம் தலைக்கு மேல் இருப்பது கான்கிரீட்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

2001 ஜனவரி 26 குஜராத் நடுக்கத்தில், அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன. சரிந்தவற்றில் பலவற்றில் கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். மேல் மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் இருக்கிறது, அதனால் அவை விறைப்பாக நிற்கும். கீழே வெறும் தூண்கள். கட்டடம் ஆடும்போது ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே தாங்க வேண்டும். நம் கட்டடமும் அதே அமைப்புதான். இன்னொன்று, நம்முடையது 1998-இல் கட்டியது. நாடு முழுக்க நிலநடுக்க மண்டல வரைபடத்தைத் திருத்தி, சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது 2002-இல். மூன்றாம் மண்டலத்தில் தூண் கம்பிக்கு ரிங் எப்படிக் கட்ட வேண்டும், அதன் முனையை எப்படி உள்ளே மடக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. நம் தூண்களில் ரிங் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இந்த நிலையில்தான், லிஃப்டை ஒட்டிய சுவரையும் பின்பக்கச் சுவரையும் இடித்தால் இன்னும் இரண்டு கார் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் நிறுத்த இடமில்லாமல் தெருவில் விட்டுக் கஷ்டப்படுபவர்களின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பக்கம் சுவர் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஆடும் என்கிறார்கள். ஆகவே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்து, தூண்களைச் சோதித்து, எழுத்து மூலம் அறிக்கை வாங்கிய பிறகு வாக்கெடுப்பு வைப்போம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செலவில் என் பங்கை இன்றே தரத் தயார். வேண்டாம் என்று அவர் சொன்னால் சுவர் நிற்கட்டும். இடிக்கலாம் என்றால் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. வீட்டுக் கடன் வாங்கியபோதே காப்பீடு எடுத்தாயிற்று என்று பலர் நினைக்கிறீர்கள். பாலிசியை எடுத்துப் பாருங்கள். கடன் பாக்கி அளவுக்குத்தான் இருக்கலாம், கடன் முடிந்ததோடு அதுவும் முடிந்திருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசி இருக்கிறது, அதில் நிலநடுக்கமும் அடக்கம். மனை விலைக்கு அல்ல, திரும்பக் கட்டும் செலவுக்குத் தொகை போடுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொதுச் சொத்து. அதற்குச் சங்கத்தின் பெயரில் பாலிசி இருக்கிறதா? பொருளாளர் அம்மா ஊருக்குப் போனதும் ஃபைலைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஆட்டம் வந்தால் என்னைப் போல் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். கனமான மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற பிறகு கேஸை மூடிவிட்டு, லிஃப்டைத் தொடாமல் இறங்குங்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேலே லாஃப்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கீழே இறக்கிவிடுங்கள். யார் என்று பெயர் சொல்லவில்லை, என் வீட்டம்மா சிரிக்கிறார்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். முழங்காலுக்குத் தைலம் வேண்டுபவர்கள் என் அறைக்கு வாருங்கள், காலையில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஏழு மணிக்கு வண்டி கிளம்புகிறது.