பிழைத்து வரும் பிள்ளைக்கு ஓர் இருக்கை

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பிள்ளைகளின் மூளைக் கட்டிகளைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் தயங்கினேன். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் ஆசிரியைகள், பலர் தாய்மார். ஆகவே பேசத் துணிந்தேன்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாகக் கூடுதலாகக் காணப்படுபவை மூளைக் கட்டிகள். சிறுமூளையில் தோன்றும் மெடுலோபிளாஸ்ரோமா அவற்றில் முக்கியமானது. 1925இல் அமெரிக்காவில் ஹார்வி குஷிங், பேர்சிவல் பெய்லி ஆகியோர் அதை விபரித்த காலத்தில், சத்திரசிகிச்சை செய்தும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இறந்தார்கள். கட்டியின் கலங்கள் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளில் சென்று வேறிடத்தில் முளைத்துவிடுவதே காரணம்.

மன்செஸ்ரர் நகரின் கிறிஸ்ரி வைத்தியசாலையில் எடித் பற்றர்சன் என்ற பெண் வைத்தியர், மூளை, முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர்ச் சிகிச்சை அளித்தார். 1953இல் அவரும் சக வைத்தியர் ஒருவரும் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்று ஆண்டுகளின் பின்னும் பாதிக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வளரும் மூளையைக் கதிர் பாதிக்கிறது. ஞாபகசக்தி குறைகிறது, சிந்திக்கும் வேகம் குறைகிறது, வளர்ச்சி ஓமோன் குறைவதாலும் முள்ளந்தண்டு வளராததாலும் பிள்ளை குள்ளமாகிறது. வயது குறையக் குறையப் பாதிப்புக் கூடும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு, உயிரா அறிவா என்று கேட்பதைப் போன்ற நிலை.

1986க்கும் 1990க்கும் இடையில் அமெரிக்க வைத்தியர்கள், மூன்று வயதுக்கு உட்பட்ட 198 பிள்ளைகளுக்கு முதலில் மருந்துகளைக் கொடுத்து, கதிர்ச் சிகிச்சையை ஓரிரு ஆண்டுகள் தள்ளிவைக்க முயன்றார்கள். சிலரில் அது கைகூடியது. பலரில் நோய் திரும்பியது. 2005இல் ஜேர்மனியிலிருந்து வந்த முடிவு நம்பிக்கை தந்தது. கட்டி முழுமையாக அகற்றப்பட்டு, வேறிடம் பரவாதிருந்த 17 சிறு பிள்ளைகளில், கதிர் இல்லாமலே 93 வீதமானோர் ஐந்து ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார்கள்.

அப்படியானால் சிறு பிள்ளைகளுக்குக் கதிரே வேண்டாமா? அப்படியும் இல்லை. எபென்டிமோமா என்னும் வேறொரு கட்டியில் கதிரைத் தவிர்ப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அதில் ஒரு வயது கடந்த பிள்ளைகளுக்கும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் குறிபார்த்துக் கதிர் கொடுக்கிறோம். ஏறத்தாழ ஆறு வாரங்கள், அசையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு முறையும் மயக்க மருந்தோடு. பரவாத மெடுலோபிளாஸ்ரோமா உள்ள மூத்த பிள்ளைகளில், மருந்துகளின் துணையோடு, மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் கொடுக்கும் அளவை 36 கிறேயிலிருந்து 23.4 கிறேயாகக் குறைத்திருக்கிறோம். ஆகவே "கதிர் கூடாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கட்டி, எத்தனை வயது, பரவியதா என்பதைப் பார்த்தே முடிவெடுக்கிறோம்.

இனி உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

காலையில் எழுந்ததும் தலையிடி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், தலையைச் சரித்து வைத்திருத்தல், புதிதாக வந்த மாறுகண். இவை தொடர்ந்தால் வயிற்றுக் கோளாறு என்றோ, பள்ளிக்கூடம் போகக் கள்ளம் என்றோ விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்தது, பிழைத்து வந்த பிள்ளை. முடி உதிர்ந்து, உயரம் குறைந்து, ஒருவேளை மருந்தினால் செவிப்புலனும் குறைந்து உங்கள் வகுப்புக்கு அவள் திரும்பி வருவாள். சொல்வதெழுதலில் பின்தங்குவாள். அது சோம்பல் அல்ல. முன்வரிசையில் இருத்துங்கள். ஒருமுறைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் கேட்டுப் பெற்றுக்கொடுங்கள். புலமைப்பரிசில் புள்ளிகளோடு அவளை ஒப்பிடாதீர்கள்.

அவள் உயிரைக் காக்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்த உயிர் நல்ல வாழ்வாவது வைத்தியசாலையில் மட்டும் அல்ல, உங்கள் வகுப்பறையிலும்தான். நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த இந்தக் கல்லூரியில் அவளுக்கும் ஓர் இருக்கை இருக்கட்டும்.