தடித்த கம்பி தீர்வல்ல
(சேலம் செவ்வாய்ப்பேட்டையில், அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியது)



“பீஸ் அடிக்கடி போகுது சார், அப்பா தடிச்ச கம்பியாப் போட்டுட்டார்” என்றான் என் பத்தாம் வகுப்பு மாணவன். மின் உருகியின் வரையறையைப் பிழையின்றி எழுதுபவன் அவன். குறை என் கற்பித்தலில்தான்.

மறுநாள், மேட்டூருக்குக் கீழே உள்ள செக்கானூர் கதவணை மின்நிலையத்தைச் சொன்னேன். அங்கே 15 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு. “ஓர் ஓடையில் 5 கிலோவாட் மட்டும் எடுத்தால்?” என்று கேட்டுக் கரும்பலகையில் கணக்கிட்டோம்: 5000 ÷ 230, ஏறத்தாழ 22 ஆம்பியர்.

“25 ஆம்பியர் எம்.சி.பி. சார்” என்றார்கள். அதைத் தாங்கும் கம்பியும் வேண்டும். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி எடுத்தோம். “எம்.சி.பி. 63 ஆம்பியர் என்றால்?” சற்று நேரம் கழித்து அந்த மாணவனே சொன்னான்: “கம்பி எரியும் சார்.”

இன்னொன்றும் சொன்னேன். ஷார்ட் சர்க்யூட்டில் வீட்டு இணைப்பில் பாயும் அளவு மின்னோட்டத்தைச் சிறு ஜெனரேட்டர் தராது. சில மடங்கே தரும். உடனே டிரிப் ஆக, ‘சி’ வகை எம்.சி.பி.க்கு 5 முதல் 10 மடங்கு வேண்டும். ‘பி’ வகைக்கு 3 முதல் 5 போதும். ஆகவே பெரிதாகப் போட்டால் அது டிரிப்பே ஆகாமல் போகலாம்.

அந்த வாரமே அவன் வீட்டில் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கம்பியை மாற்றினார்கள். உங்கள் வகுப்பிலும் கேளுங்கள்: “உங்கள் வீட்டு பீஸ் கட்டையில் என்ன கம்பி?”