மணியோசையும் மாணவனும்

1986ஆம் ஆண்டில் பொருநைக் கரையிலுள்ள தொடக்கப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாக இருந்தேன். முதல் வகுப்பில் ஒரு சிறுவன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். மணி ஒலித்தாலோ இரு காதுகளையும் பொத்திக்கொண்டு படித்துறைக்கு ஓடிவிடுவான். காது கேளாதவன் என்றனர் சிலர். கேளாதவன் மணிக்கு ஏன் அஞ்சுகிறான் என்று ஆசிரியனாகிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அவன் பாட்டி நாவில் வசம்பு தேய்த்தார். நான் பிரம்பை எடுத்தேன். முடிவில், ஆற்றில் விழுந்துவிடுவான் என்று காரணங்காட்டி, "இனி அனுப்ப வேண்டாம், அம்மா" என்று அவன் தாயாரிடம் சொன்னவனும் நானே.

ஆட்டிசம் என்னும் சொல்லை நான் அறிந்தது பின்னாளில்தான். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளிடம் கண்டு விவரித்த நிலை அது. தாயின் அன்புக் குறையே காரணம் என்று மேனாட்டு அறிஞர் சிலர் நெடுங்காலம் சாதித்தனர். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் அதனை மறுத்தார். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, மரபின் பங்கைக் காட்டிற்று. நாமோ அந்த அறிஞர்களைப் படியாமலே தாயைப் பழித்தோம்!

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளிகள் உண்டு. என் மாணவன் இரண்டிலும் சேரான். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், பின்னர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளுள்ளும் அது இடம்பெற்றது.

மருத்துவ முறையும் மாறிவிட்டது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள், வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்கே செல்கின்றனர். சோறூட்டும்போதும் விளையாட்டின்போதும் செய்யத்தக்க பயிற்சிகளைத் தாய்மாருக்குக் கற்பிக்கின்றனர். பழிக்கப்பட்ட தாயே இன்று பயிற்சியின் துணை.

அண்மையில் ஒரு பள்ளியில், ஆட்டிசமுள்ள சிறுமி ஒருத்தியின் மேசைமீது பாட்டு, கணக்கு, சோறு, வீடு என்று படங்கள் வரிசையாக இருக்கக் கண்டேன். மணியடிக்குமுன் ஆசிரியை மணியின் படத்தைக் காட்டினார். சிறுமி காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். மணி ஓய்ந்தது, அவள் ஓடவில்லை. அந்தப் படங்களை அமைத்துத் தந்த சிறப்பாசிரியருக்குப் பல பள்ளிகள் பொறுப்பு. எல்லா நாளும் வர இயலாது. அவர் வராத நாள்களில் படத்தைக் காட்டுகிறவர் வகுப்பாசிரியைதாம்.