எங்கிருந்து எண்ணுவது?



அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், "திரும்பினதும் நாலாவது வீடு" என்பார்கள். எந்த முனையில் திரும்புவது என்று கேட்டுக்கொள்ளாமல் புறப்பட்டவன், நாலு வீட்டைச் சரியாகவே எண்ணி, வேறொருவர் வாசலில் போய் நிற்பான். பிசகு எண்ணிக்கையில் இல்லை, எண்ணத் தொடங்கிய இடத்தில்தான். கம்ப்யூட்டர் திரையில் மௌஸை அழுத்துகிற க்ஷணத்தில் எழும் விவகாரமும் இதுவே.

திரையின் இடது மேல் மூலையே ஆதிப்புள்ளி. பள்ளிக்கூடத்து வரைபடத் தாளில் மேலே போகப்போக வளரும் எண், இங்கே கீழே இறங்க இறங்க வளரும்; பழைய படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை அந்த மூலையில் தொடங்கி வரிவரியாகக் கீழிறங்கியே படத்தை எழுதிற்று அல்லவா? அதோடு நின்றால் கஷ்டமில்லை. திரைக்குள் ஜன்னல், ஜன்னலுக்குள் படம் வரையும் பலகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆதிப்புள்ளி உண்டு. திரையில் குறுக்கே 400, கீழ்நோக்கி 300 என்ற இடத்தில் அழுத்துகிறோம். ஜன்னலின் மூலை 300, 200இல் இருந்து, அதற்குள் பலகையின் மூலை 20, 60 தள்ளியிருக்குமானால், பலகையின் கணக்கில் அதே இடம் 80, 40 ஆகிவிடுகிறது.

எங்கள் தெரு மாணவன் ஒருவன் எழுதிய சித்திர நிரலில், மௌஸ் முனைக்குச் சற்றுக் கீழேயே கோடு விழுந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளி, பலகைக்கு மேலிருந்த பொத்தான் வரிசையின் உயரமே என்று கண்டு, அவ்வளவையும் கழித்து ஒப்பேற்றினான். பிறகு ஒரு நாள் பொத்தான் வரிசையை மறைத்தான். கோடு முனைக்கு மேலே ஏறிக்கொண்டது! ஜன்னலின் கணக்கைப் பலகையின் கணக்காக மாற்றித் தரும் கட்டளை, ஜன்னல்களை அமைக்கும் கருவித்தொகுப்பிலேயே இருக்கிறது என்பதும், க்யூட் என்னும் தொகுப்பில் 'மேப் ஃப்ரம் குளோபல்' என்ற கட்டளை திரைக் கணக்கையே நேராகப் பலகைக் கணக்காக்கிவிடும் என்பதும் அதன் பின்னரே அவனுக்குத் தெரியவந்தன.

நிலத்தை அளப்பதிலும் இதே கதைதான். நம் பரங்கிமலை அருகே 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து நிலைநாட்டிய பிறகே, அதை ஆதாரமாகக் கொண்டு இந்த உபகண்டத்தின் மகா நில அளவை வளர்ந்தது. தொடங்குமிடம் ஸ்திரமானால்தான் மற்ற எண்களுக்கு அர்த்தம்.

இப்போது அந்த மாணவனின் நிரலில், ஒவ்வோர் எண்ணின் பெயரோடும் 'திரை', 'ஜன்னல்', 'பலகை' என்ற சொற்களில் ஒன்று, மனிதர் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் போல, ஒட்டிக்கொண்டிருக்கிறது.